பரணில் கிடக்கும் பந்தய நோட்டீஸ்: செட்டிநாட்டு விளையாட்டு ஆவணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் டிரில் மாஸ்டராக விசில் ஊதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பழைய பந்தய நோட்டீஸ், குழுப் படம், ஸ்கோர் நோட்டு என்று சேர்க்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் ஒரே சந்தேகங்களையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் அவரவர் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, கீழே பதிலை எழுதி வைத்திருக்கிறேன்.

விளையாட்டு ஆவணம்னா என்ன சார்? கப்பும் மெடலும்தானே?

கப்பு கடைசிதான். பாதிக் கப்புகளில் "முதல் பரிசு" என்பதைத் தவிர வேறு எழுத்தே இருக்காது. எந்த ஊர், எந்த வருடம், யார் ஜெயித்தது என்று ஒன்றும் சொல்லாத பித்தளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் தேடுவது காகிதத்தை. மாட்டுவண்டிப் பந்தய நோட்டீஸ், சிலம்பக்கூடத்து மாணவர் பட்டியல், பள்ளி விளையாட்டு விழா அழைப்பிதழ், வசூல் நோட்டு, கபடிக் குழுவுக்கு பனியன் வாங்கிய ரசீது, ரயிலில் போய் ஆடி வந்த கணக்கு. பெயரும் ஊரும் தேதியும் உள்ள எந்தத் துண்டுக் காகிதமும் எனக்கு வெள்ளிக் கேடயத்தைவிட உசத்தி. கர்லாக்கட்டை, சுருள்வாள், பழைய உதைபந்தின் தோல் உறை போன்ற பொருள்களும் சேரும். ஆனால் அவற்றோடு ஒரு சீட்டாவது இருக்க வேண்டும்.

இதையெல்லாம் வரலாறுன்னு யாராவது உட்கார்ந்து சேர்க்கிறாங்களா?

சேர்க்கிறார்கள், அதுவும் பெரிய அளவில். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டார்க் மையம் என்று ஒன்று இருக்கிறது. டெர்ரி டாட், ஜேன் டாட் என்ற தம்பதி அதை உருவாக்கினார்கள். இருவரும் பளு தூக்கியவர்கள். பயில்வான்களின் கடிதம், உடற்பயிற்சிப் பத்திரிகை, சர்க்கஸ் பலசாலிகளின் சுவரொட்டி என்று, மற்றவர்கள் குப்பை என நினைத்ததை எல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார்கள். 1990 முதல் இரும்பு விளையாட்டின், அதாவது பளு தூக்கும் உடற்பயிற்சியின், வரலாற்றுக்கென்றே ஓர் ஆய்விதழும் நடத்தினார்கள். டெர்ரி 2018இல் காலமானார்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மிஞ்சிய பணத்தில் உண்டான எல்ஏ84 அறக்கட்டளை, ஒலிம்பிக் போட்டிகளின் அதிகாரபூர்வ அறிக்கைகளை மின்வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒலிம்பிக் குழுவுக்கே ஓர் ஆய்வு மையம் உண்டு. ஒலிம்பிக் குழுத் தலைவராக இருந்த ஏவரி பிரண்டேஜின் கடிதக் கட்டுகள் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இவற்றில் பலதை நாம் காரைக்குடியில் இருந்துகொண்டே போனில் படிக்கலாம். 1924 பாரிஸ் ஒலிம்பிக் அறிக்கையில் இந்தியப் பெயர்களைத் தேடி ஒரு மழைநாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அந்த அணியோடு போன ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். எனக்கு விசில் ஊதக் கற்றுக்கொடுத்தவரின் ஆசிரியர் அங்கே படித்தவர். அதனால் எனக்கு அது கொள்ளுத்தாத்தா வீடு மாதிரி.

நம்ம பக்கத்துல அப்படி என்ன பெரிசா இருக்கு?

இதைக் கேட்பவர்கள் பதிலும் தாங்களே சொல்வார்கள்: "சேப்பாக்கம் ஸ்டேடியம்." சரிதான். அந்த மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம், கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தவர், ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தார். ஆனால் அந்தக் கதையை எழுத ஆள் இருக்கிறது. நாம் கவலைப்பட வேண்டியது யாரும் எழுதாததைப் பற்றி.

சிராவயல், கண்டுபட்டி, அரளிப்பாறை மஞ்சுவிரட்டுகள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டும் வண்டிப் பந்தயம். பொங்கலுக்கு உறியடி, வழுக்குமரம், இளவட்டக்கல். சிவகங்கைச் சீமையின் சிலம்பமும், வீசி எறியும் வளைதடியான வளரியும். அழகப்பச் செட்டியார் கல்விக்கென்று அள்ளிக் கொடுத்த வளாகத்தில் உடற்கல்விக் கல்லூரியும் உண்டு. அங்கே படித்து வெளியே போன பி.டி. மாஸ்டர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும்.

வேறெங்கும் இல்லாத ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று போய் வந்த பெட்டிகள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது விட்டுவிட்டு வந்தது போக மீதி இங்கேதான், இரண்டாங்கட்டு (உள்முற்றத்து) அறைகளில் கிடக்கிறது. லேவாதேவிப் பேரேட்டுக்கு நடுவில் கிளப் டென்னிஸ் சந்தா ரசீது செருகியிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மஞ்சுவிரட்டு, ஜல்லிக்கட்டு, வடமாடு எல்லாம் ஒண்ணுதானே? ஏன் பிரிச்சு எழுதணும்னு சொல்றீங்க?

மதுரைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஜல்லிக்கட்டில் வாடிவாசல் வழியாக மாடு ஒவ்வொன்றாக வரும். திமிலைப் பிடித்துக் குறிப்பிட்ட தூரமோ நேரமோ நிற்க வேண்டும். மஞ்சுவிரட்டில் தொழுவில் இருந்தும், கட்டுமாடாக வயலிலும் திடலிலும் அங்கங்கேயும் அவிழ்த்துவிடுவார்கள். வெட்டவெளியில் மாடு அது பாட்டுக்கு ஓடும். வடமாட்டில் நீளமான வடத்தில் கட்டிய ஒரு மாடு, அதை அடக்க 9 பேர் கொண்ட குழு, கையில் கடிகாரத்தோடு நடுவர்.

ஆவணத்தில் இது ஏன் முக்கியம் என்றால், மூன்றுக்கும் காகிதம் வேறு. வடமாட்டுக்குக் குழுப் பட்டியல் இருக்கும், நேரக்குறிப்பு இருக்கும். ஜல்லிக்கட்டுக்கு மாட்டுக்காரர் பெயரும் டோக்கனும் இருக்கும். மஞ்சுவிரட்டுக்குப் பெரும்பாலும் நாட்டார்கள் கூடிப் பேசிய முடிவும், தொழுமாட்டுக்கு வேட்டி துண்டு கொண்டுவந்த ஊர்களின் வரிசையும்தான் எழுத்தில் இருக்கும். எல்லாவற்றையும் "ஜல்லிக்கட்டு" என்று ஒரே உறையில் போட்டுவிட்டால் பிறகு யாரும் பிரிக்க முடியாது.

பரண்ல நோட்டீஸ் கட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. முதல்ல என்ன செய்யணும்?

கட்டை அவிழ்க்காதீர்கள். முதலில் அது கிடக்கிற இடத்திலேயே ஒரு போட்டோ எடுங்கள். எந்தப் பெட்டி, எந்த அறை, கூட என்ன இருந்தது என்று எழுதுங்கள். கல்யாண மொய் நோட்டோடு கிடந்த நோட்டீஸுக்கும் கோயில் கணக்கோடு கிடந்ததற்கும் அர்த்தம் வேறு. துடைத்து, அடுக்கி, "அழகா வகைப்படுத்திட்டேன் சார்" என்று கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும்.

அப்புறம் நிழலில், காற்றோட்டமாக ஒரு மேசையில் வையுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டலாம், ஈரத்துணி கூடாது. துருப்பிடித்த குண்டூசி, கிளிப் இருந்தால் இழுக்காமல் மெல்ல எடுங்கள். ரப்பர் பேண்ட் போடவே வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். கரையான் மண் தெரிந்தால் அந்தக் கட்டை மற்றதிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை கூரை ஓடுகளைப் பாருங்கள். நம் வீடுகளில் காகிதத்தைக் கொல்வது வெயிலைவிட ஐப்பசி மழையில் ஒழுகும் ஓடுதான்.

லேமினேட் பண்ணி வச்சிடலாமா? பத்திரமா இருக்குமே?

வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், சில வருடத்தில் பழுப்புக் கறையாகிவிடும். அமிலமில்லாத காகித உறை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் தடித்த பாலியெஸ்டர் உறை போதும். பின்பக்கம் எழுதுவதானால் மெல்லிய பென்சிலால், ஓரத்தில்.

ஐயாவோட பெட்டியில சின்னச் சின்னப் படச்சுருள் இருக்கு. திறந்தா புளிச்ச நாத்தம் அடிக்குது. கெட்டுப்போச்சா?

கெட ஆரம்பித்திருக்கிறது. அசிடேட் பிலிம் சிதையும்போது வினிகர் வாடை வரும். ஒரு சுருளில் தொடங்கினால் பக்கத்துச் சுருளுக்கும் பரவும், அதனால் வாடை வருவதைத் தனியே எடுத்து, டப்பாவை இறுக மூடாமல், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். பழைய புரொஜெக்டர் இருக்கிறதே என்று ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய பிலிம் பல்சக்கரத்தில் கிழியும். நேராக மின்வடிவாக்குகிறவர்களிடம் கொண்டுபோங்கள்.

8 மில்லிமீட்டர், 16 மில்லிமீட்டர் சுருள் என்றால் தீப்பிடிக்கும் பயம் இல்லை. 1950களுக்கு முந்தைய 35 மில்லிமீட்டர் சுருள் என்றால் அது நைட்ரேட்டாக இருக்கலாம், அது வீட்டில் இருக்கக் கூடாத சாமான்.

நோட்டீஸில் "தாது வருஷம் தை 3" என்று மட்டும் இருக்கு. இது எந்த வருஷம்?

நல்ல கேள்வி, நானே முதலில் ஏமாந்தது. அறுபது வருடச் சுற்றில் தாது 1876, 1936, 1996 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. தை மாதம் அடுத்த ஆங்கில வருடத்தில் வரும். ஆகவே 1877, 1937, 1997 ஆகியவற்றில் ஒன்றின் ஜனவரி. 1877 என்றால் தாது வருஷப் பஞ்சத்தின் நடு. அப்போது பந்தயம் வைத்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

மிச்சத்தைக் காகிதம் சொல்லும். பரிசு ரூபாய், அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்றால் அதற்குப் பிந்தையது. அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972க்குப் பிறகு. "இராமநாதபுரம் மாவட்டம், காரைக்குடி" என்றால் 1985க்கு முன், ஏனென்றால் சிவகங்கை அந்த வருடம்தான் தனி மாவட்டமானது. "புதுக்கோட்டை சமஸ்தானம்" என்றிருந்தால் 1948க்கு முன். எழுத்தையும் பாருங்கள்: ணை, லை, னை எழுத்துகளில் யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்பு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சின்ன அச்சகங்கள் பழைய ஈய எழுத்தை உடனே தூக்கி எறியவில்லை. அதனால் இதை மட்டும் நம்பித் தேதி போடாதீர்கள்.

அந்தக் காலத்துச் சர்க்கார் கோப்பு எங்கே தேடணும்? சிவகங்கையிலயா?

ஊரைப் பொறுத்தது. செட்டிநாடு ஒரே ஆட்சியில் இருந்ததே இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களும் பிரிட்டிஷ் கலெக்டரும். ராயவரம், கோனாபட்டுப் பக்கம் புதுக்கோட்டை மன்னர். அதனால் உங்கள் ஊர் மாடுபிடி பற்றிய பழைய உத்தரவு, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்து மாவட்டக் கோப்பிலும் இருக்கலாம், புதுக்கோட்டை தர்பார் கோப்பிலும் இருக்கலாம். இரண்டு ஊருக்கும் நடுவில் இரண்டு மைல்தான் இருக்கும், ஆனால் காகிதம் இரண்டு ஊரில்.

இந்தக் காலக் கோப்புகளும் லேசுப்பட்டவை அல்ல. 2009 ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம், 2014 மே மாத உச்ச நீதிமன்றத் தடை, 2017 போராட்டமும் சட்டத் திருத்தமும், 2023 மே மாதத் தீர்ப்பு என்று போனதில், ஒவ்வொரு ஊரும் விண்ணப்பம், உறுதிமொழி, மாட்டு மருத்துவச் சான்று என்று கட்டுக்கட்டாக எழுதித் தர வேண்டியதாயிற்று. வழக்கு நடந்ததால் உருவான ஆவணம் இது. உங்கள் விழாக் குழு வைத்திருக்கும் நகல்களை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

குரூப் போட்டோவில் யார் யார்னு தெரியலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

படத்தைப் பெரிதாக அச்சிட்டு, மேலே டிரேசிங் தாளை வைத்து, தலைகளை மட்டும் கோடாக வரைந்து எண் போடுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வயதானவர்களிடம் போங்கள், ஒவ்வொருவரிடமும் தனியாக. நாலு பேரைக் கூட்டி வைத்துக் கேட்டால் சத்தமாகப் பேசுகிறவர் சொன்னதே பெயராகிவிடும். யார் எந்தத் தேதியில் எந்த எண்ணுக்கு என்ன பெயர் சொன்னார் என்று எழுதுங்கள். இருவர் மாற்றிச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

1919இல் பாரதி காரைக்குடிக்கு வந்தபோது இந்து மதாபிமான சங்கத்தாரோடு எடுத்த படத்தைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. பாரதி நடுவில் இருந்ததால் அது தப்பித்தது. அதே காலத்தில் இங்கே பந்து விளையாடிவிட்டு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

என் பள்ளிப் படம் ஒன்றே உதாரணம். வாலிபால் குழு, பெஞ்சில் ஐந்து பேர், பின்னால் ஆறு. பதினொன்றில் பத்துப் பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது பையன் யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவரே, "முகம் தெரியுது, பேரு வர மாட்டேங்குது" என்கிறார். வருகைப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்று போனால், இடம் அடைக்கிறது என்று மைதானத்து மூலையில் போட்டு எரித்துவிட்டார்களாம்.

நோட்டீஸில் "பூப்பந்தாட்டம்" என்று போட்டிருக்கு. ஷட்டில்தானே?

இல்லை. பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளிப் பந்தில் ஆடும் பால் பேட்மின்டன், பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவது. தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம். ஷட்டிலுக்கு இறகுப்பந்து என்று பெயர். இதைக் குழப்பி, "எங்கள் ஊரில் அந்தக் காலத்திலேயே ஷட்டில் போட்டி" என்று விழா மலரில் அச்சடித்தவர்கள் உண்டு.

சொல்லே ஊரையும் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். "உதைபந்தாட்டம்", "துடுப்பாட்டம்" என்று இருந்தால் அந்தக் காகிதம் இலங்கையில் இருந்து வந்திருக்கலாம், கொழும்புப் பெட்டியைத் தேடுங்கள். "தேகாப்பியாசம்" என்றால் பழசு. "தேகப்பயிற்சி" அதற்கு அடுத்தது, "உடற்பயிற்சி" நம் காலம். மின்நூலகத்தில் தேடும்போது மூன்றையும் போட்டுத் தேடுங்கள். "கபடி" என்று தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்கள் "சடுகுடு" என்று ஒரு தடவை தேடிப் பார்க்கட்டும்.

வீட்டுல வளைஞ்ச கட்டை ஒண்ணு இருக்கு. வளரின்னு சொல்றாங்க. உண்மையா?

பார்க்காமல் சொல்ல முடியாது. வளரிக்கு ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்து, பிறை மாதிரி வளைவு இருக்கும். கெட்டி மரம், இரும்பு, தந்தத்திலும் உண்டு. கலப்பையில் இருந்து கழன்ற துண்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிற வீட்டையும் பார்த்திருக்கிறேன், நான் ஒன்றும் சொல்லவில்லை.

எழுத்துச் சான்று இரண்டு இருக்கின்றன. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தச் சின்ன மருதுவை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கூட்டத்தின் படையில்தான் அவரும் இருந்தார். இன்னொன்று, தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் 1909 தொகுதிகள். அதில் புதுக்கோட்டை திவான் வளரியின் வடிவத்தையும் வீசும் முறையையும் எழுதிக் கொடுத்த குறிப்பு இருக்கிறது. உங்கள் கட்டையை அந்த வர்ணனையோடு ஒப்பிடுங்கள். எண்ணெய், வார்னிஷ் எதுவும் தடவாமல் வைத்து, யார் கையில் இருந்து யார் கைக்கு வந்தது என்று எழுதிவிடுங்கள்.

பழைய சாமான் கடையில் ஒரு பயில்வான் படம் விலைக்கு இருக்கு. வாங்கலாமா?

முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை நடந்தால் படமே படமாகத் தொங்கும். பர்மாத் தேக்குச் சட்டத்துக்குத்தான் விலை, உள்ளே இருக்கிற ஆள் இலவசம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, வீட்டுக்காரர் பெயர் சொல்லாமல் விற்றது. வாங்கினால் உடனே கடைக்காரரிடம் எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று மட்டுமாவது கேளுங்கள். சட்டத்தின் பின் அட்டையைக் கழற்றிப் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரை இருக்கும்.

மேல்நாட்டுப் பயில்வான் யூஜின் சாண்டோ 1904, 1905 வாக்கில் இந்தியாவில் சுற்றிவந்து காட்சி கொடுத்தார். அதன் பிறகு முஷ்டி மடக்கிப் படம் எடுக்கிற ஆசை நாடு முழுக்கப் பரவியது. பெங்களூரில் கே.வி. ஐயர் உடற்பயிற்சிக் கூடம் வைத்து அஞ்சல் வழியிலும் பாடம் அனுப்பினார். தமிழில் நல்ல உடம்புக்காரருக்கு "சாண்டோ" பட்டமே ஆகிவிட்டது, சாண்டோ சின்னப்பா தேவரைத் தெரியாதவர் யார். ஆகவே படத்தில் இருப்பவர் உள்ளூர் ஆளாகவும் இருக்கலாம், அஞ்சலில் வாங்கி மாட்டிய படமாகவும் இருக்கலாம். ஸ்டூடியோ முத்திரையை ஏன் பார்க்கச் சொன்னேன் என்று இப்போது புரியும்.

போன்ல போட்டோ எடுத்தா போதாதா? அசல் எதுக்கு?

ஒன்றுமே எடுக்காததற்குப் போன் மேல். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர்மேலிருந்து, ஓரத்தில் ஒரு அடிக்கோல் வைத்து எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். நல்ல ஸ்கேனர் இருந்தால் படங்களுக்கு 600 டிபிஐ. வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்த நகலை மூலம் என்று நினைக்காதீர்கள், அது சுருங்கிப் போனது. கோப்புக்கு ஊர், வருடம், என்ன என்று பெயர் வையுங்கள். இல்லாவிட்டால் போனில் கிடக்கும் நாலாயிரம் பேரப்பிள்ளைப் படத்தோடு அதுவும் போய்விடும். காகிதத்தின் வகை, மையின் நிறம், நீர்க்குறி, ஒட்டுப்போட்ட விதம் எதுவும் போனில் வராது. அதனால் அசலும் வேண்டும்.

எங்க வீடு பல புள்ளி வீடு சார். பங்காளி எல்லாரும் வெளியூர். பெட்டியை யார் கொடுக்கலாம்?

இதுதான் செட்டிநாட்டின் பெரிய தலைவலி. புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம், ஒரு பங்கு. கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும்தான் வீடு திறக்கும். அப்போதுதான் எல்லாப் பங்காளியும் வருவார்கள். அன்றைக்கே முகப்பில் வைத்துப் பேசிவிடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு பட்டியல், அதில் எல்லாப் புள்ளியின் கையெழுத்து. அசலைக் கொடுக்க ஒருவருக்கு மனமில்லை என்றால், மின்வடிவம் எடுக்க மட்டும் சம்மதம் வாங்குங்கள். நான் ஒரு முறை ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பி ஒரு கட்டை எடுத்துவந்து, மறுவாரமே அதைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனேன். பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட ஆசைப்படாதவர்கள், அது வெளியே போகிறது என்றதும் ஓடி வருவார்கள். மனித சுபாவம்.

சரி, யாரிடம் கொடுப்பது?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை நினைத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் 1992இல் காலமான பிறகு, சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்த அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, வாங்கிக் கப்பலில் ஏற்றாமல் சென்னையிலேயே 1994இல் நூலகமாக்கியது. இன்று தரமணியில் இருக்கிறது.

அச்சுக் காகிதத்துக்கு அந்த மாதிரி ஆய்வு நூலகம். பழைய ஸ்டூடியோப் படங்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை அணுகலாம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டத்தின்கீழ் அவர்கள் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை மின்வடிவாக்கியிருக்கிறார்கள். கருவிகளுக்கு அருங்காட்சியகம். எங்கே கொடுத்தாலும் மூன்று கேளுங்கள்: பட்டியல் போடுவீர்களா, வந்து கேட்பவருக்குக் காட்டுவீர்களா, எனக்கு ரசீது தருவீர்களா? மூன்றாவதற்குத் தயங்குகிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

ஆச்சிமார் விளையாட்டெல்லாம் இதில் சேருமா?

சேரும், ஆனால் காகிதம் குறைவு. பாண்டிக்கு நோட்டீஸ் அடித்தவர் யார்? பல்லாங்குழிப் பலகை, தாயக்கட்டை, சோழி இருக்கின்றன. சில வீட்டில் இரண்டாங்கட்டுத் தரையிலேயே தாயக்கட்டம் கீறியிருக்கும். தரையை மாற்றுவதற்கு முன் அதைப் படம் எடுங்கள். பெண்கள் பள்ளி டிரில் படங்களும் பரிசளிப்பு அழைப்பிதழ்களும் கிடைத்தால் விடவே விடாதீர்கள். அதிலும் பெயர் இருக்காது, "ஒரு மாணவி" என்றுதான் இருக்கும். குரூப் போட்டோவுக்குச் சொன்ன டிரேசிங் வேலையை இதற்கு இரண்டு மடங்கு அவசரமாகச் செய்ய வேண்டும்.

பெரியவங்க வாயால சொல்றது ஆதாரமா? ஒரே மாட்டை ரெண்டு ஊரும் "எங்க மாடு"ங்குறாங்களே?

அவர் சொன்னார் என்பதற்கு ஆதாரம். நடந்தது என்பதற்கு இன்னொரு துணை வேண்டும். பதிவு செய்யும்போது "அந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தார்" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தங்கள் ஊரைச் சொல்வார்கள். "அன்றைக்கு எப்படிப் போனீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள், மாட்டுக்கு என்ன கொடுத்தீர்கள்" என்று கேளுங்கள். பொய் சொல்ல அவசியமில்லாத இடத்தில்தான் வரலாறு ஒழுங்காக வெளியே வரும். மாட்டுச் சண்டையைத் தீர்க்க முயல வேண்டாம். இரண்டு ஊர்க் கதையையும் பதிவு செய்து இரண்டு உறையில் வைத்திருக்கிறேன்.

பழைய படத்தை வெளியிட்டா காப்புரிமைச் சிக்கல் வருமா?

படம் உங்கள் கையில் இருப்பது வேறு, உரிமை வேறு. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி இப்போது புகைப்படத்துக்கும், எடுத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள்வரை உரிமை உண்டு. மிகப் பழைய படங்களுக்குப் பழைய சட்டத்தின் கணக்கு வரும். ஸ்டூடியோவின் வாரிசு பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் போய் ஒரு வார்த்தை கேட்டு, எழுதி வாங்கிவிடுங்கள். நான் கேட்டவர்களில் மறுத்தவர் யாருமில்லை. அதிலும் ஒருவர் மாடியிலிருந்து கண்ணாடி நெகட்டிவ் பெட்டி ஒன்றை இறக்கிக் கொடுத்தார்.

நோட்டீஸில் சாதிப் பட்டமும் முதல் மரியாதை வரிசையும் இருக்கு. மாடு குத்திச் செத்தவங்க பேரும் ஒரு நோட்டில் இருக்கு. இதை அப்படியே வைக்கலாமா, அழிச்சிடலாமா?

அழிக்கக் கூடாது. கத்தரிக்கோல் போட்ட ஆவணம் பொய் ஆவணம். யாருக்கு முதல் துண்டு, யார் பெயர் பட்டியலிலேயே இல்லை என்பதும் அந்த விளையாட்டின் வரலாறுதான். அசலை முழுதாக வைத்து, பொதுவில் போடுவதை மட்டும் யோசித்துப் போடுங்கள். இப்போது நடக்கிற வழக்கில், தகராறில் எண்ணெய் ஊற்றுமென்றால் சில காலம் மூடி வைக்கலாம், மூடி வைத்திருக்கிறோம் என்று பட்டியலில் எழுதிவிட்டு.

இறந்தவர் பெயர் விஷயத்தில் குடும்பத்தைக் கேட்க வேண்டும். மறைக்கச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டே ஒரு வீட்டுக்குப் போனேன். "பேரைச் சரியா எழுதுங்க, இனிஷியல் தப்பா இருக்கு" என்றார்கள். சேலம் மாவட்டத்துக் கருமந்துறை நடுகல் ஒன்றில், எருது விளையாடி இறந்த கோவுரிச் சங்கன் பெயர் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. அவன் வீட்டாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் போல.

நீங்க வச்சிருக்கிறதைப் பார்க்க வரலாமா?

தாராளமாக. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் தூங்குவேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். பேனாவைப் பையிலேயே வையுங்கள், பென்சில் நான் தருகிறேன். காபி திண்ணையில்தான், மேசைக்கு வராது. வரும்போது வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். அந்த வாலிபால் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன். பின்வரிசை, இடமிருந்து மூன்றாவது.